மௌனம் பேசும் படம்: 'அபராஜிதோ'

திரைப்படம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை யாவை? ஆடல், பாடல், சண்டை, சிரிப்பு, முடிவில் 'சுபம்'. இவை யாவும் நமக்குப் பிடித்தவைதாம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கதாநாயகனும் கதாநாயகியும் ஆடிப் பாடாத, சண்டையே இல்லாத, வில்லன் என்று ஒருவனும் தலைகாட்டாத ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் நம்மால் பார்க்க முடியுமா? பார்த்த பிறகு ஒரு வாரம் அதைப் பற்றியே பேச முடியுமா? முடியும் என்று பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு அறிந்துகொண்டோம். நம் பள்ளி மண்டபத்தில் எங்களுக்குத் திரையிட்டுக் காட்டப்பட்ட அந்தப் படத்தின் பெயர் 'அபராஜிதோ'. வெல்லப்படாதவன் என்பது அதன் பொருள்.

வாழ்க்கைக்கு ஒரு பொருள் தேடி வீட்டை விட்டுப் புறப்படும் ஓர் இளைஞனின் கதை இது. அவன் தேடிச் செல்லும்போது வீட்டில் தனித்திருக்கும் அவன் தாயின் கதையும் இதுவே. இத்தகைய அமைதியான படங்களை எப்படிப் பார்த்து மகிழ்வது, அவை நமக்கு என்ன சொல்கின்றன என்பதைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் எங்களால் இயன்ற அளவு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்தவர் யார்?

இப்படத்தை எடுத்தவர் வங்காளத்தைச் சேர்ந்த சத்யஜித் ரே. விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராகப் பணிபுரிந்த அவர், பிபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதிய 'பதேர் பாஞ்சாலி' என்னும் நாவலைப் படமாக்க விரும்பினார். பெரிய நட்சத்திரங்கள் இல்லாத, பாட்டு நடனம் இல்லாத ஒரு படத்துக்கு யார் பணம் தருவார்கள்? தம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தையும் மனைவியின் நகைகளையும் அடகு வைத்துத் தொடங்கினார். விடுமுறை நாட்களில் படப்பிடிப்பு. கையில் பணம் தீர்ந்ததும் நிறுத்தம். கடைசியில் மேற்கு வங்க அரசு உதவி செய்ய, 1955-ஆம் ஆண்டு படம் வெளிவந்தது. உலகம் முழுவதும் அதைப் பாராட்டியது.

அக்கதையின் தொடர்ச்சியாக 1956-இல் வெளிவந்ததே 'அபராஜிதோ'. முதல் நாவலின் இறுதிப் பகுதியையும், அதே ஆசிரியரின் 'அபராஜிதோ' நாவலின் முற்பகுதியையும் சேர்த்து ரே இதற்குத் திரைக்கதை அமைத்தார். கல்கத்தாவில் வெளியானபோது படம் சரியாக ஓடவில்லை. ஆனால் மறு ஆண்டு, 1957-இல், இத்தாலி நாட்டின் வெனிஸ் நகரத் திரைப்பட விழாவில் மிக உயர்ந்த பரிசான தங்கச் சிங்கம் இதற்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் இந்தியப் படம் இதுவே. அந்த ஊக்கத்தால், 1959-இல் 'அபுர் சன்சார்' என்ற மூன்றாம் படமும் உருவாயிற்று.

கதைச் சுருக்கம்

1920-ஆம் ஆண்டு. காசி நகரம். வங்கத்துக் கிராமத்தில் தங்கள் மகள் துர்காவைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த ஹரிஹர், மனைவி சர்வஜயாவுடனும் மகன் அப்புவுடனும் இங்கே குடியேறியிருக்கிறார். கங்கைப் படித்துறையில் அமர்ந்து புராணம் வாசிப்பது அவர் தொழில். சிறுவன் அப்பு சந்து பொந்தெல்லாம் ஓடி விளையாடுகிறான். திடீரென ஹரிஹர் நோயுற்று இறந்துவிடுகிறார்.

செல்வர் வீடு ஒன்றில் சமையல் வேலைக்குச் சேர்கிறாள் தாய். பிறகு உறவினர் ஒருவர் அழைக்க, மகனை அழைத்துக்கொண்டு வங்கத்துக் கிராமத்துக்கே திரும்புகிறாள். அங்கே அப்பு குலத்தொழிலான பூசைத் தொழிலைப் பழகுகிறான். ஆனால் மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கு ஓடுவதைக் கண்டதும் அவன் மனமும் அவர்கள் பின்னால் ஓடிவிடுகிறது. காலையில் பூசை, பின்னர் பள்ளி என்று ஏற்பாடு செய்துகொள்கிறான். தலைமையாசிரியர் கொடுத்த புத்தகங்கள் அவனுக்கு உலகத்தையே திறந்து காட்டுகின்றன. படித்ததையெல்லாம் தாய்க்குச் சொல்லி விளக்குகிறான். அவளும் வேலைக்கு நடுவே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தேர்வில் சிறப்பாகத் தேறிய அப்புவுக்கு மாதம் பத்து ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. கையில் ஓர் உலக உருண்டையுடன் வீட்டுக்கு வந்து, கல்கத்தாவுக்குப் படிக்கப் போக வேண்டும் என்கிறான். தாய் மறுக்கிறாள், சொல்லுக்குச் சொல் வளர, கோபத்தில் அவனை அடித்தும் விடுகிறாள். பிறகு அவளே மனம் இளகி, சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்து அவன் கையில் கொடுக்கிறாள்.

கல்கத்தாவில் அப்பு இரவில் அச்சகத்தில் வேலை செய்கிறான். பகலில் கல்லூரியில் படிக்கிறான். வகுப்பில் தூங்கி வெளியேற்றப்படுகிறான். ஊர் நினைவு குறைகிறது, கடிதங்களும் குறைகின்றன. கிராமத்தில் தாய் நோயுற்று மெலிகிறாள். மகனுக்கு எழுதட்டுமா என்று அண்டை வீட்டார் கேட்டால், பரீட்சை சமயம், வேண்டாம் என்கிறாள். இறுதியில் செய்தி எட்டி அப்பு ஓடி வரும்போது, வீட்டில் தாய் இல்லை. மரத்தடியில் அமர்ந்து அழுகிறான். இங்கேயே இருந்து பூசைத் தொழிலைப் பார்க்குமாறு உறவினர் சொல்ல, பரீட்சை இருக்கிறது, ஈமக்கடனைக் கல்கத்தாவிலேயே செய்துகொள்வேன் என்று கூறி, மூட்டையை எடுத்துக்கொண்டு நடக்கிறான். அவ்வளவுதான் கதை.

சொல்லாமல் சொல்லும் முறை

'அவ்வளவுதானா?' என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? ஆம், கதையைச் சொல்லிவிட்டால் இப்படத்தில் பாதிகூடத் தெரியாது. மீதி முழுவதும் சொல்லப்படாமல் காட்டப்படுகிறது. சில இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது, தந்தையின் மரணம். மற்றப் படங்களில் இந்த இடத்தில் நீண்ட வசனம் இருக்கும். மார்பில் அடித்துக்கொண்டு அழுவார்கள். இங்கே தந்தை கங்கை நீர் கேட்கிறார். விடியற்காலையில் சிறுவன் ஓடிப்போய்க் கொண்டு வருகிறான். வாயில் நீர் ஊற்றப்படுகிறது, தலை சாய்கிறது. அந்தக் கணமே படித்துறையில் நூற்றுக்கணக்கான புறாக்கள் ஒருங்கே எழுந்து வானத்தில் பறக்கின்றன. கூடவே ரவிசங்கரின் இசை உயர்ந்து எழுகிறது. உயிர் பிரிந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆயினும் மண்டபத்தில் இருந்த எங்களில் ஒருவருக்கும் அது விளங்காமல் போகவில்லை.

இரண்டாவது, மாடிப்படிக் காட்சி. செல்வர் வீட்டு வேலையில் நீடிப்பதா, கிராமத்துக்குப் போவதா என்று சர்வஜயா தயங்குகிறாள். ஒருநாள் படியில் இறங்கி வரும்போது, தன் மகன் எசமானருக்கு ஹுக்கா எடுத்துச் செல்வதைப் பார்த்துவிடுகிறாள். ஒரு சொல்லும் பேசவில்லை. அவள் முகத்தை மட்டும் நாம் பார்க்கிறோம். அடுத்து ஓர் இரயில் ஓடுகிறது. தாயும் மகனும் அதில் இருக்கிறார்கள். தன் பிள்ளை வேலைக்காரனாக வளரக்கூடாது என்று ஒரு தாய் முடிவெடுத்ததை ஒரே பார்வையில் காட்டிவிட்டார் இயக்குநர். சர்வஜயாவாக நடித்த கருணா பானர்ஜியின் நடிப்பு அத்தனை இயல்பானது.

மூன்றாவது, இரயில். முதல் படத்தில் அப்புவும் அக்கா துர்காவும் இரயிலைப் பார்ப்பதற்காக நாணல் பூத்த வெளியில் ஓடுவார்கள். அப்போது இரயில் ஓர் அதிசயம். இப்படத்தில் கிராமத்து வீட்டிலிருந்தும் தொலைவில் இரயில் தெரிகிறது. சிறுவனாக வந்திறங்கும் அப்பு அதைக் கண்டு மகிழ்கிறான். பின்னால் அதே இரயில் அவனைத் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டு போகிறது. கடைசியில் நோயுற்ற தாய் அந்தியில் அமர்ந்து, இரயில் ஓசை கேட்கிறதா என்று காது கொடுத்துக் காத்திருக்கிறாள். ஓசை கேட்டதும் எழுந்து வந்து பார்க்கிறாள். யாரும் இல்லை. இருட்டில் மின்மினிப் பூச்சிகள் மட்டும் பறக்கின்றன. ஒரே இரயில்தான், ஆனால் மகனுக்கு அது ஒன்றாகவும், தாய்க்கு வேறாகவும் ஒலிக்கிறது.

நான்காவது, வெளிச்சம். காசி வீட்டின் முற்றத்தைப் பார்த்தால் உண்மையான பழைய வீடு என்றே எண்ணுவோம். உண்மையில் அது கல்கத்தா ஸ்டூடியோவில் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அமைத்த செட். திறந்த முற்றத்தில் வானத்திலிருந்து விழும் மெல்லிய பகல் வெளிச்சத்தை உள்ளே எப்படிக் கொண்டுவருவது? விளக்குகளை நேராகப் பாய்ச்சினால் பல நிழல்கள் விழுந்து உண்மை கெட்டுவிடும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளின் ஒளியைக் கீழிருந்து அத்துணியின் மேல் பாய்ச்சினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி, மேகம் மூடிய வானத்து ஒளி போலச் சீராகப் பரவியது. பௌதிகப் பாடத்தில் ஒளிச் சிதறல் என்று நாம் படிப்பதுதான் இது! பின்னாளில் உலகெங்கும் ஒளிப்பதிவாளர்கள் கையாண்ட இம்முறையை 1956-இலேயே நம் நாட்டவர் ஒருவர் ஒரு துணியை வைத்துச் செய்து காட்டினார் என்பது நமக்குப் பெருமை அல்லவா?

அப்பு செய்தது சரியா?

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "பெற்ற தாயைக் கடைசியாகப் பார்க்கக்கூட வராத பிள்ளை ஒரு பிள்ளையா?" என்றனர் ஒரு சாரார். "அவன் படிக்காமல் கிராமத்திலேயே இருந்திருந்தால் மட்டும் அந்தத் தாய்க்கு மகிழ்ச்சியா? அனுப்பியவளே அவள்தானே?" என்றனர் மற்றொரு சாரார். வீட்டிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் தாயின் பக்கம் நிற்க, விடுதி மாணவியர் பலர் அப்புவின் பக்கம் நின்றனர்.

அப்போது விடுதித் தோழி ஒருத்தி எழுந்து சொன்னது எங்கள் எல்லோரையும் மௌனமாக்கியது. "அப்புவைத் திட்டாதீங்கடி. அவனுக்கு யாரும் சொல்லவே இல்லையே. போன வருஷம் எங்க அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது. பரீட்சை முடிஞ்ச பிறகுதான் எனக்குச் சொன்னாங்க. நல்ல மார்க் வந்திருக்குன்னு எல்லோரும் சந்தோஷப்பட்டாங்க. எனக்கு அந்த மார்க்கைப் பார்க்கவே பிடிக்கலை" என்றாள்.

அன்று முதல் எங்கள் வாதம் வேறு திசையில் சென்றது. அப்பு கெட்டவனா என்ற கேள்வி போய், அன்பு ஏன் இப்படி மௌனமாக இருக்கிறது என்ற கேள்வி வந்தது. தாய் தன் நோயை மறைப்பது அன்பினால். மகன் படிப்பில் மூழ்குவதும் ஒரு வகையில் அவள் கொடுத்த பணம் வீணாகக்கூடாது என்பதனாலும்தான். இருவரும் ஒருவருக்காக ஒருவர் பேசாமல் இருந்து, கடைசியில் பேசவே முடியாமல் போகிறது.

விடுமுறையில் வீட்டுக்கு வரும் அப்புவின் காட்சி ஒன்று உண்டு. இரவில் தாய் அருகில் அமர்ந்து மெல்லப் பேச்சுக் கொடுக்கிறாள். எனக்கு உடம்புக்கு வந்தால் உன் சம்பாத்தியத்தில் வைத்தியம் பார்ப்பாயா என்ற கருத்தில், விளையாட்டுப் போலக் கேட்கிறாள். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் மகன் தூங்கிவிட்டான். அக்காலத்தில் கடிதம் ஒன்றே வழி. இன்று நம் ஒவ்வொரு வீட்டிலும் தொலைபேசி இருக்கிறது. ஆயினும் அம்மா பேசும்போது 'உம், உம்' என்று சொல்லிக்கொண்டே மனத்தால் தூங்கிவிடும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறோமே!

அப்பு அன்பில்லாதவன் அல்லன் என்பதையும் படம் காட்டுகிறது. விடுமுறை முடிந்து ஸ்டேஷனுக்குப் போகிறான். வண்டி வந்து நிற்கிறது. அவன் ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பி, வண்டி தவறிவிட்டது என்று சொல்லி, இன்னும் ஒரு நாள் தாயோடு தங்குகிறான். அன்பைச் சொல்லத் தெரியாத பையன், அதை ஒரு சிறு பொய்யாகச் சொல்கிறான். எங்களுக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

தீர்ப்புச் சொல்லாத படம்

1956-இல் கல்கத்தாவில் இப்படத்தைப் பார்த்தவர்கள் பலருக்கு, தாயிடமிருந்து மகன் விலகிப் போவதைக் காட்டியது பிடிக்கவில்லை. நம் நாட்டில் தாயைத் தெய்வமாகப் போற்றுகிறோம். ஆகவே திரையில் இப்படிப் பார்ப்பது கசப்பாகத்தான் இருந்திருக்கும். முடிவில் அப்பு மனம் வருந்தி ஊரிலேயே தங்கிவிட்டதாகக் காட்டியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். சத்யஜித் ரே அப்படிச் செய்யவில்லை. அப்புவைக் குற்றவாளியாக்கவும் இல்லை, வீரனாக்கவும் இல்லை. நடந்ததை நடந்தபடி காட்டிவிட்டு, தீர்ப்பை நம்மிடம் விட்டுவிட்டார். அமைதியான படங்களின் சிறப்பு இதுவே என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அவை நமக்குப் புத்திமதி சொல்வதில்லை. நம்மைச் சிந்திக்க வைக்கின்றன.

சிந்தித்தபோது எங்களுக்கு மற்றொன்றும் தோன்றியது. அது துர்காவைப் பற்றியது. முதல் படத்தில் தம்பி அப்பு பாடம் படிக்கப் போகிறான்; அக்கா துர்கா போகவில்லை. அவளுக்கும் ஆசைகள் இருந்தன. ஓடித் திரியும் கால்கள் இருந்தன. எதையும் அறியத் துடிக்கும் கண்கள் இருந்தன. ஆனால் உலக உருண்டையை அவள் கையில் கொடுக்க ஒரு தலைமையாசிரியர் இல்லை. வாழ்க்கையின் பொருளைத் தேடிப் புறப்படும் வாய்ப்பு அக்குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டுமே கிடைத்தது. அது ஆண் பிள்ளை. இன்று அந்த உருண்டை நம் வகுப்பறை மேசையிலே இருக்கிறது. நம்மில் சிலர் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பத்தாம் வகுப்பு எழுதப் போகும் பெண்கள். அடுத்த ஆண்டு சிலர் வேறு ஊர்களுக்குப் படிக்கச் செல்வோம். அப்புவின் இடத்தில் இப்போது நாம் நிற்கிறோம். அதனால்தான் இந்தப் படம் எங்களை விட்டு அகலவில்லை.

எப்படிப் பார்ப்பது?

இத்தகைய படங்களைப் பார்க்க விரும்பும் தோழியருக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில சொற்கள். முதல் பதினைந்து நிமிடம் பொறுமை வேண்டும். எங்களுக்கும் தொடக்கத்தில் கொட்டாவி வந்தது. பின்வரிசையில் பேச்சும் கேட்டது. ஆனால் அவசரமில்லாத படத்தோடு அவசரமில்லாமல் நடக்கப் பழகிவிட்டால், பிறகு கண் எடுக்கத் தோன்றாது.

இரண்டாவதாக, பேச்சை மட்டும் கேட்காமல் மற்ற ஓசைகளையும் கேட்க வேண்டும். இரயிலின் கூவல், புறாக்களின் சிறகொலி இவையும் கதை சொல்பவையே. மூன்றாவதாக, மீண்டும் மீண்டும் வரும் பொருள்களைக் கவனிக்க வேண்டும். நான்காவதாக, வசனம் நின்றுபோகும் இடத்தில் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டும். கடைசியாக, படம் முடிந்ததும் நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை என்று உடனே சொல்லிவிடாமல், ஓர் இரவு கழித்துப் பேச வேண்டும். மறுநாள் காலையிலும் எந்தக் காட்சி நினைவில் நிற்கிறதோ, அதுவே நமக்காக எடுக்கப்பட்ட காட்சி.

இப்படத்துக்கும் ஒரு வாழ்வு உண்டு. 1993-ஆம் ஆண்டு லண்டன் நகரில் ஏற்பட்ட தீ விபத்தில் இதன் மூலச்சுருள்கள் கருகிச் சேதமடைந்தன. இனிப் பயன்படாது என்று கருதப்பட்ட அச்சுருள்களை, பல ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியின் பொலோனா நகரத்து வல்லுநர்கள் மென்மையாக்கி, பொறுமையோடு கையாலேயே சீர்செய்து, பாதிக்கு மேற்பட்ட பகுதியை மீட்டனர். இல்லாத பகுதிகளை வேறு பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்தனர். 2015-ஆம் ஆண்டு படம் புதுப்பொலிவுடன் மீண்டும் வெளிவந்தது. வெல்லப்படாதவன் என்ற பெயர் படத்துக்கே பொருந்திவிட்டது!

அன்புப் பெற்றோரே, ஒரு வேண்டுகோள். எங்கள் பரீட்சைக்காக உங்கள் நோவை மறைக்காதீர்கள். கேட்டால் நாங்கள் கலங்குவோம். ஆனால் கலங்கியபடியே படிக்கவும் எங்களுக்குத் தெரியும். அன்புத் தோழியரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேடிப் புறப்படுவோம், தயங்க வேண்டாம். நம்மை வழியனுப்பியவர்கள் நாம் பின்வாங்குவதை விரும்பமாட்டார்கள். ஆனால் போகும் இடத்திலிருந்து அடிக்கடி எழுதுவோம், பேசுவோம். இரவில் அம்மா பேசத் தொடங்கினால், எத்தனை களைப்பாக இருந்தாலும், அவர் பேசி முடிக்கும்வரை விழித்திருப்போம்.